சிரித்துக்கொண்டே சறுக்கியவன்

அத்தியாயம் 4

மூன்றாவது விமானமும் வயிற்றால்தான் தரையிறங்கியது.

முதலாவது போன மாதம். ஓடுபாதையைத் தேய்த்துக்கொண்டே போய் ஏரிச் சேற்றில் மூக்கை நுழைத்து நின்றது. இரண்டாவது விமானம் வேலியைத் தாண்டி ஒரு பூசணித் தோட்டத்துக்குள் புகுந்தது. நேற்று வந்த மூன்றாவது, மீட்புக் குழு அவசர அவசரமாகக் கொட்டி வைத்த நுரை மலைக்குள் பாய்ந்து, முகச்சவரத்துக்கு உட்கார்ந்த கல்யாண மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது. மூன்றிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுளுக்கு, சிராய்ப்பு, ஒரு பெரியவருக்குப் பல்செட் காணாமல் போனது, அவ்வளவுதான். ஆனால் அதிர்ஷ்டம் வாடகை வீடு மாதிரி. எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மீட்புக் குழுவின் அறையில், கொடியில் காயப்போட்ட ரப்பர் பூட்ஸ்கள் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் நேற்று விழுந்த விமானத்தின் பைலட். அவளுக்கு முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு எதிரே அவளுடைய தம்பி ஆறாமல் குதித்துக்கொண்டிருந்தான்.

தம்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. குழுவில் யாருக்கும் அது நினைவில்லை. எல்லோருக்கும் அவன் 'சைரன்'. தீயணைப்பு வண்டியின் சைரனையாவது நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. இவன் வாயை நிறுத்த இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை.

"சக்கரத்தை இறக்க மறந்துட்டேனாம்டா," என்றாள் அக்கா. "விசாரணை அதிகாரி சொல்றாரு."

"யாரு, நீயா? மறந்தியா? நான் மூணாவது படிக்கிறப்போ உன் ரப்பரைக் கடிச்சதை இன்னும் மாசம் ஒரு தடவை சொல்லிக் காட்டுறவ நீ!"

"ரப்பர் இல்லடா. ஸ்கேல். பச்சை ஸ்கேல். உன் பல்லுத் தடம் இன்னும் இருக்கு."

"பாத்தீங்களா சீஃப்! இவளா மறப்பா?"

'சீஃப்' என்று அவன் கூப்பிட்டது மீட்புக் குழுவின் தலைவியை. எரியும் வண்டிக்குள் நிதானமாக நடந்துபோய், உள்ளே இருப்பவரிடம் "எழுந்துக்கலாமா?" என்று கேட்கிற பெண்மணி. அதிகம் பேசமாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துச் சைரனே பேசிவிடுவான்.

"முதல் ரெண்டு பைலட்டும் 'மறந்திருப்போம்'னு ஒத்துக்கிட்டாங்களே?" என்றார் தலைவி.

"அவங்க ஒத்துக்குவாங்க மேடம். ஒருத்தர் தன் கல்யாணத்துக்கே தப்பான மண்டபத்துக்குப் போனவரு. இன்னொருத்தர் போன் பேசிக்கிட்டே 'என் போனைக் காணோம்'னு போன்லயே சொன்னவரு. நான் அப்படியா? சக்கரத்தை இறக்கினேன். பாதி வந்து சிக்கிக்கிச்சு. மறுபடி பண்ணினேன். அசையல." அவள் டீயைத் தள்ளி வைத்தாள். "சாயங்காலம் முடிவு சொல்லப் போறாரு. தப்பு என் மேலதான்னு சொல்லிட்டா, இனிமே வானத்தை நான் ஜன்னல் சீட்டுல உக்காந்துதான் பாக்கணும்."

சைரனுக்கு வாய் அடைத்தது. அது அபூர்வம். கொடியில் தொங்கிய பூட்ஸ்கூட ஒரு கணம் சொட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது போலிருந்தது.

தலைவி எழுந்தார். "மூணு விமானத்துலயும் சக்கரக் கூட்டுக்குள்ள பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்துச்சு. நானே பாத்தேன். அங்க பிளாஸ்டிக்குக்கு என்ன வேலை?"

"அதிகாரி என்ன சொன்னாரு சீஃப்?"

"உரசல்ல ஏதோ உருகியிருக்கும்னாரு."

"அவர் மூளையா இருக்கும்."

"யாரோ வேணும்னே எதையோ சொருகியிருக்காங்க. அதிகாரி இரும்பையே பாத்துக்கிட்டிருக்காரு. இரும்பு வாயைத் தொறக்காது. நாம ஜனங்களைப் பாப்போம். டி.வி.யைப் போடு."

மீட்புக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருடைய ஹெல்மெட்டிலும் கடலை உருண்டை சைஸில் ஒரு கேமரா இருக்கும். மீட்பு முடிந்ததும் டீயை வைத்துக்கொண்டு எல்லோரும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். நம் பக்கம் என்ன தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் என்பது வெளியில் சொல்கிற காரணம். உண்மையில் சிரிப்பதற்கு.

விமானத்தில் ஆபத்து என்றால் கதவிலிருந்து காற்றடைத்த பெரிய சறுக்குமரம் ஒன்று புஸ்ஸென்று விரியும். பையை விட்டுவிடு, செருப்பைக் கழற்று, கையை மார்பில் கட்டிக்கொள், குதி, சறுக்கு. சட்டம் இவ்வளவுதான். இதை யாராவது செய்வார்களா?

முதல் படத்தில் ஒருவர் மைக்ரோவேவ் அடுப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சறுக்கினார். பின்னாலேயே ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். பாதி வழியில் ஒரு வாய் சாப்பிடவும் செய்தார். ஓர் அம்மா மூன்று பைகளோடு கீழே வந்து எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுதே!" என்று பதறி மறுபடி மேலே ஏறப் பார்த்தார். குறைந்தது பைதான். கணவரும்தான் வரவில்லை, ஆனால் அது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"இவங்களை எல்லாம் காப்பாத்தணுமான்னு தோணுது சீஃப்."

"நிறுத்து. பின்னால ஓட்டு. இதோ, இந்த ஆள்."

பெரிய மீசைக்காரர் ஒருவர். கையில் பை இல்லை. காலில் செருப்பு இல்லை. கைகள் மார்பில் குறுக்கே. முதுகு நேர். ஒரு பூவைத் தண்ணீரில் விட்டது போலச் சறுக்கி வந்தார். கீழே வந்ததும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு, புகை வராத பக்கமாக விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். முகத்தில் ஓர் அரைப் புன்னகை.

"ஆகா, மனுஷன்னா இவர்தான்! மெடல் குடுக்கலாம்," என்றான் சைரன்.

"ரெண்டாவது விபத்தைப் போடு."

பூசணித் தோட்டம். கத்தல், கூச்சல், பூசணிமேல் உட்கார்ந்து அழுகை. நடுவே தலையில் துணி கட்டிய ஒரு பெண். பை இல்லை. செருப்பு இல்லை. கை மார்பில். முதுகு நேர். அரைப் புன்னகை.

மூன்றாவது படம். கைத்தடியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பெரியவர் கதவருகே வந்தார். தடியை ஓரமாக வைத்தார். குதித்தார். பூவாகச் சறுக்கினார். எழுந்து, தடி இல்லாமலே, பந்தயக் குதிரை மாதிரி ஓடினார். அதே அரைப் புன்னகை.

சைரன் மூன்று படத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

"சீஃப்... மூணு பேரும் ஒரே ஆளு!"

"ஆபத்துல எவனும் ஒழுங்கா நடந்துக்க மாட்டான் சைரன். நானே முதல் தடவை ஒத்தக் கால் பூட்ஸோடதான் ஓடினேன். ஒழுங்கா நடந்துக்கிறவன் ஒருத்தன்தான். ஆபத்து வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவன்."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தலைவி டிக்கெட் கவுன்டருக்குப் போன் போட்டார். மூன்று பயணிகளும் கொடுத்த பெயர் பொய், ஊர் பொய், போன் நம்பர் ஒரு பல் ஆஸ்பத்திரியினுடையது.

சைரன் திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். "இந்தச் சிரிப்பை நான் எங்கயோ பாத்திருக்கேன். சத்தியமா பாத்திருக்கேன். சொந்தக்காரனா?"

"உன் சொந்தத்துல வாயை மூடிச் சிரிக்கிறவங்க யாருடா இருக்காங்க?" என்றாள் அக்கா.

தலைவி ஹெல்மெட்டை எடுத்தார். "சறுக்கு இவ்வளவு சுத்தமா வரணும்னா அது ரத்தத்துல ஊறியிருக்கணும். இந்த விமான நிலையத்துல சறுக்கையே தொழிலா வச்சிருக்கிறவரு யாரு?"

சைரனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

"வாத்தியார்!"

---

பயிற்சிக் கூடம் என்பது ஒரு பெரிய கொட்டகை. உள்ளே சிறகும் வாலும் இல்லாத பாதி விமானம் ஒன்று நிற்கும். கதவிலிருந்து ஒரு சறுக்குமரம் தொங்கும். ஏர்ஹோஸ்டஸ், பைலட், மீட்புக் குழு, யாராக இருந்தாலும் இங்கே வாத்தியாரிடம் திட்டு வாங்கிச் சறுக்காமல் வேலைக்குப் போக முடியாது. சைரன் முதல் தடவை சறுக்கியபோது சட்டைப் பையில் ஒரு சீப்பை வைத்திருந்தான் என்பதற்காக வாத்தியார் அவனை அன்று முழுக்கச் சறுக்க வைத்தார். அவன் பேன்ட்டின் பின்பக்கம் அன்றோடு காலம் முடிந்தது.

"என்ன தம்பி, சீப்பு இருக்கா?" என்று வரவேற்றார் வாத்தியார். குரலே ஒலிபெருக்கி.

"இல்ல சார். முடியையே குறைச்சுட்டேன்."

தலைவி ஒன்றுமே நடக்காதது போல, "பழைய பாடத்தை ஒருதடவை ஞாபகப்படுத்திக்கலாம்னு வந்தோம்," என்று சொல்லி, சைரனைப் பொய் விமானத்துக்குள் உட்கார வைத்தார். வாத்தியார் உடனே மலர்ந்துபோய் முன்னால் நின்று பாடத்தை ஆரம்பித்தார். "ஆபத்துன்னா என்ன செய்யணும்? பதறக் கூடாது. பொருளைத் தொடக் கூடாது. ஒரு குண்டூசியைக்கூட எடுக்கக் கூடாது..."

சைரன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தலைவியின் காதில் கிசுகிசுத்தான். "எப்படி மடக்கப் போறீங்க?"

"சறுக்க வைக்கப் போறேன்."

தலைவியின் கை பின்னால் போனது. பயிற்சிக்காக வைத்திருந்த புகைப் பெட்டியின் விசையைத் தட்டினார். குப்பென்று வெள்ளைப் புகை. பயிற்சி மணியும் அலறியது. தலைவி தன் வாழ்நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து கத்தினார்: "நெருப்பு! நிஜ நெருப்பு! ஓடுங்க!"

அடுத்து நடந்ததைச் சைரன் சாகும்வரை மறக்கமாட்டான்.

வாத்தியார் "ஐயோ!" என்று குதித்தார். முதலில் சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். அப்புறம் குடை. அப்புறம் ஓடிப்போய் மேஜைமேல் இருந்த பூந்தொட்டி. கதவுவரை வந்தவர் திரும்பிப் போய்ச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார். எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு கதவில் பாய்ந்தவர், குடை குறுக்கே மாட்டியதில் அங்கேயே தொங்கினார். காலை உதைத்தார். குடை விரிந்தது. விரிந்த குடையோடும் பூந்தொட்டியோடும் தலைகீழாகச் சறுக்கிப் போனார். காலில் ஆணி வைத்த ஷூ. சறுக்குமரம் "புஸ்ஸ்ஸ்..." என்று பெருமூச்சு விட்டுச் சுருங்கி, அவரைச் சுற்றிக்கொண்டது.

புகை அடங்கியது. துணிமூட்டைக்குள்ளிருந்து வாத்தியாரின் தலை மட்டும் வெளியே வந்தது. தலையில் ஒரு செடி.

"இவர் இல்ல," என்றார் தலைவி.

"இல்லவே இல்ல," என்றான் சைரன்.

"நெருப்பு எங்க?" என்றார் வாத்தியார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "இத்தனை காலமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாராவது சொல்லிக் குடுத்தீங்களாடா?"

தலைவி அவரைப் பிரித்தெடுக்கக் கீழே போனார். சைரனும் போயிருப்பான். ஆனால் பெல்ட் சிக்கிக்கொண்டது. இழுத்தான், முறுக்கினான், கெஞ்சினான். வரவில்லை. ஊரையே மீட்கப் புறப்பட்ட வீரன் சீட்டோடு கிடந்தான். சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிடும். அக்கா அங்கே ஆறிப்போன டீயோடு காத்திருக்கிறாள். கையிலிருந்த ஒரே துப்பும் குடையைப் பிடித்துக்கொண்டு பறந்துவிட்டது. துக்கம் தாங்காமல் முன் சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டான்.

முட்டிய இடத்தில், சீட்டுப் பைக்குள் ஓர் அட்டை.

அதுதான், எல்லா விமானத்திலும் எல்லா சீட்டுக்கு முன்னாலும் இருக்குமே, ஆபத்தில் என்ன செய்வது என்று படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்கமாட்டீர்கள் என்பதுதான் இந்தக் கதையே.

வேறு வேலை இல்லாததால் சைரன் பார்த்தான்.

முதல் படத்தில் ஒரு மீசைக்காரர் பை இல்லாமல் சறுக்குகிறார். இரண்டாவதில் தலையில் துணி கட்டிய பெண். மூன்றாவதில் வெள்ளைத் தாடிப் பெரியவர். கைத்தடியை ஓரமாக வைத்திருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. மூன்று பேர் முகத்திலும் அதே, அதே, அதே அரைப் புன்னகை.

"சீஃஃஃஃஃப்!"

அந்தச் சத்தத்தில் வாத்தியார் மறுபடி பூந்தொட்டியை எடுத்துக்கொண்டார்.

தலைவி வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். அவர் புருவம் மெதுவாக மேலே போனது. "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். தேடுற ஆளோட படம் ஒவ்வொரு சீட்டு முன்னாடியும் இருந்திருக்கு. ஒருத்தர்கூடப் பாக்கல. வாத்தியாரே, இதை வரைஞ்சது யாரு?"

"ஓவியர்தான். கண்ணாடியைப் பாத்துத் தன் மூஞ்சியையே வரைவாரு. அட்டைன்னா அவருக்கு உசுரு. கிழிஞ்சதை எடுத்துட்டுப் புதுசு சொருக அவரே விமானம் விமானமா ஏறுவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு."

"கீழ சக்கரத்துப் பக்கமும் போவாரா?"

"எங்கயும் போவாரு. அட்டைக் கட்டைத் தூக்கிட்டுப் போற மனுஷனை யாரு நிறுத்தப் போறா? இன்னைக்குக் காலையிலகூட மத்தியான விமானத்துக்குப் போனாரே."

தலைவி அட்டையைத் திருப்பினார். கடைசியாக நான்காவது படம் ஒன்று இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய். அரைப் புன்னகை.

"சைரன், வண்டியை எடு!"

"எடுக்கிறேன் சீஃப். முதல்ல என்னை எடுங்க!"

---

சீட்டை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள். இடுப்பில் பாதி பெல்ட் வால் மாதிரி ஆட, தீயணைப்பு வண்டியை அவன் ஓட்டிய வேகத்தில் ஓடுபாதை ஓரத்து முயல்கள் எல்லாம் ஊரைக் காலி செய்தன. மத்தியான விமானம் கதவை மூடப்போகும் நேரம். படியில் தாவி ஏறினார்கள்.

உள்ளே போன சைரனுக்குத் தலை சுற்றியது. அன்றைக்குப் பார்த்து விமானம் முழுக்கக் கைக்குழந்தைகள். வரிசைக்கு ஒரு தாய், மடிக்கு ஒரு குழந்தை.

"எந்த அம்மா சீஃப்? எல்லா அம்மாவும் அரைத் தூக்கத்துல அரைச் சிரிப்புதான் சிரிக்கிறாங்க."

"அம்மாவைப் பாக்காத. குழந்தையைப் பாரு."

"எப்படி?"

"உனக்கு எதுக்குச் சைரன்னு பேரு வச்சாங்க?"

அவனுக்குப் புரிந்தது. மூச்சை இழுத்தான். அடிவயிற்றிலிருந்து ஒரு "ஊஊஊஊ" போட்டான். முதல் வரிசைக் குழந்தை வீலென்றது. அதைக் கேட்டு இரண்டாவது. அதைக் கேட்டு நான்காவது. அரை நிமிடத்தில் விமானமே அழுதது. ஒரு தாத்தாவும் சேர்ந்து அழுதார். ஒரு தாய் சைரனின் காதைப் பிடித்துத் திருகி, "இப்பதான்டா தூங்க வச்சேன், பாவி!" என்றார்.

திருகிய காதோடு அவன் பார்த்தான். கடைசியில், ஜன்னல் ஓரத்தில், பூப்போட்ட சால்வை போர்த்திய ஒரு தாயின் மடியில் ஒரே ஒரு குழந்தை மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. சிமிட்டவும் இல்லை.

பொம்மை!

சைரன் பாயப் போனான். தலைவி அவன் வாலைப் பிடித்து இழுத்தார். "பிடிச்சா என்ன சொல்லுவாரு? 'வேஷம் போட்டேன், பொம்மை வச்சிருந்தேன், அது குத்தமா?'ம்பாரு. அவர் வாயாலயே வரணும்."

தலைவி அந்தத் தாயின் பக்கத்து சீட்டில் நிதானமாக உட்கார்ந்தார். சீட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். விரித்தார். தாயின் கண் மின்னலாக ஒருமுறை திரும்பி, மறுபடி நேராகியது.

"யாரு வரைஞ்சதோ," என்றார் தலைவி பெருமூச்சோடு. "கையும் காலும் வாழைத்தண்டு மாதிரி இருக்கு."

அரைப் புன்னகை கால் புன்னகை ஆனது.

"மீசையைப் பாரு சைரன். கம்பளிப்பூச்சி உக்காந்த மாதிரி."

"எனக்கென்னமோ மூக்குக்குக் கீழ பிரஷ் ஒட்டின மாதிரி இருக்கு சீஃப்."

புன்னகை போயே போய்விட்டது. சால்வை நடுங்கியது.

"அட, இதைப் பாரேன். நாலாவது படத்துல குழந்தைக்கு ஆறு விரல்."

"அஞ்சுதான்!" என்று இடி மாதிரி ஓர் ஆண் குரல் வெடித்தது. தாய் எழுந்து நின்றார். சால்வை விழுந்தது, முடி விழுந்தது, குழந்தை விழுந்து உருண்டது. "அது நிழல்! கட்டைவிரலோட நிழல்! அந்த ஒரு நிழலுக்கு ஒரு வாரம் உக்காந்திருக்கேன், நிழல் தெரியாத ஜென்மங்களா!"

விமானமே திரும்பிப் பார்த்தது. குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின.

ஓவியர் தன் குரலைத் தானே கேட்டு, தேள் கொட்டின திருடனாக நின்றார். அப்புறம் தொப்பென்று உட்கார்ந்தார்.

"யாருமே பாக்க மாட்டேங்கிறாங்க மேடம்," என்றார். "விசிறிக்கிறாங்க. காபி கப்பை மேல வைக்கிறாங்க. ஒருத்தர் என் கண்ணு முன்னாடியே ஓரத்தால பல்லுக் குத்தினாரு. விபத்து நடந்தாலாவது எடுத்துப் பாப்பாங்கன்னு நினைச்சேன்."

"பாத்தாங்களா?"

"பையைத்தான் எடுத்தாங்க." அவர் கண் கலங்கியது. "சரி, என்னைப் பாத்தாவது கத்துக்கட்டும்னு படத்துல இருக்கிற மாதிரியே வேஷம் போட்டு, நானே இறங்கிக் காட்டினேன். அதையும் ஒருத்தர்கூடப் பாக்கல."

"நாங்க பாத்தோம். சக்கரத்துல என்ன வச்சீங்க?"

"பழைய அட்டைகளைத்தான். கட்டு கட்டா. யாரும் படிக்காத அட்டை எதுக்காவது பயன்படட்டுமேன்னு."

"யாராவது செத்திருந்தா?"

"சாகமாட்டாங்க மேடம். என் படத்துல யாரும் சாகல."

தலைவி அவரை ஒரு கணம் பார்த்தார். பேசியபோது குரல் உயரவில்லை. "படத்துல இருக்கிறவங்களுக்குக் காத்துக்கிட்டிருக்க வீடு இல்ல. இவங்களுக்கு இருக்கு."

ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ் வந்து அழைத்துப் போனபோது, வழி நெடுகப் பயணிகள் எல்லோரும் அட்டையை எடுத்து, அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இதோ, இந்த மூக்கு!" "ஆமா, அதே தாடை!" வாசல்வரை போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். ஒரு விமானம் முழுக்கத் தன் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தது. விலங்கு மாட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

---

கதை இங்கே முடிந்துவிட்டது என்று சைரன் நினைத்தான். விசாரணை அதிகாரி அப்படி நினைக்கவில்லை.

மத்தியான விமானத்தின் சக்கரக் கூட்டிலிருந்து பிடுங்கிய அட்டைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அட்டை சொருகியிருந்தது சரி. ஆனா இந்தம்மா சக்கரத்தை இறக்க மறக்கலங்கிறதுக்கு என்ன சாட்சி? அட்டையும் சொருகியிருக்கலாம், இவங்களும் மறந்திருக்கலாம். ரெண்டும் நடக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"சார், நீங்க குடையையும் எடுத்துக்கிட்டு நனையவும் நனைவீங்களா?" என்றான் சைரன்.

அக்கா எழுந்தாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் முதுகு நேரானது. "அட்டையைப் பிடுங்கின அந்த மத்தியான விமானத்தையே குடுங்க. பயணி யாரும் வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டு இறக்கிக் காட்டுறேன். நீங்க உள்ள உக்காந்து பாருங்க."

அதிகாரிக்கு முகம் வெளிறியது. ஆனால் மறுத்தால் மானம் போகும். "மீட்புக் குழுவுல இருந்தும் ஒருத்தர் வரணும்," என்றார்.

தலைவி சைரனைப் பார்த்தார். சைரன் கூரையைப் பார்த்தான். கூரையில் வேறு யாரும் இல்லை.

விமானம் கிளம்பியது. சைரன் இத்தனை விமானங்களிலிருந்து ஜனங்களை இறக்கியிருக்கிறான், ஒன்றில்கூடப் பறந்ததில்லை. சீட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். வரிசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, கழுத்தை ஒட்டகமாக நீட்டி, ஜன்னல் வழியே சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தெரிந்தது சிறகு மட்டும்தான்.

ஊர் கீழே சாய்ந்தது. ஏரி வந்தது, பூசணித் தோட்டம் வந்தது. ஓடுபாதை நெருங்கியது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அதிகாரி சார், வணக்கம். பைலட் பேசுறேன். இப்ப இறங்கப் போறோம்." ஓர் இடைவெளி. "இறங்குறதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு செய்யணுமே... என்னன்னு ஞாபகம் வரல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"சக்கரம்!" என்று அலறினார் அதிகாரி. "சக்கரம்மா! சக்கரம்! அம்மா தாயே, சக்கரத்தை இறக்கும்மா!" எழுந்து, நடைவழியில் நின்று, மூடியிருந்த பைலட் அறைக் கதவைப் பார்த்து இரண்டு கைகளாலும் இறக்கிக் காட்டினார். "இப்படி! இப்படி!"

"சார், உக்காருங்க சார்!" என்று சைரன் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

விமானம் தரையைத் தொட்டது. ஒரு சிராய்ப்புச் சத்தம் இல்லை, ஒரு தீப்பொறி இல்லை. எல்லாச் சக்கரங்களும் பூனைப் பாதமாக ஓடுபாதையில் பதிந்தன. பிரேக் விழுந்ததும் நின்றுகொண்டிருந்த அதிகாரி மட்டும் நிற்கவில்லை. நடைவழி நெடுகச் சறுக்கிக்கொண்டே போய், பைலட் அறைக் கதவில் முட்டி நின்றார்.

கதவு திறந்தது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"சக்கரத்தை அப்பவே இறக்கிட்டேன் சார். நீங்க பெல்ட் போட மறந்துட்டீங்களா?"

அதிகாரி தரையில் கிடந்தபடியே கண்ணாடியைத் தேடி எடுத்தார். அதன் ஒரு காதுக் கம்பி உடைந்திருந்தது. மாட்டிக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்துகொள்ளக்கூட இல்லை. அங்கேயே, அப்படியே, விசாரணையின் முடிவைச் சொன்னார்.

"பைலட் மேல தப்பு இல்லை."